ஒரே தாய்… இரண்டு விலை!

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும்போது? பல், சுழி, வால், நடை, கண் என்று ஒன்றையும் விட மாட்டோம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து முடிக்காமல் அங்கே விலைப் பேச்சே தொடங்காது.

இதே வேலையை உலகத்திலேயே பெரிய அளவில் செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரத்தில் உள்ள கீன்லாந்து. அங்கே ஒவ்வொரு செப்டம்பரிலும் சுமார் 2 வாரம் குதிரை ஏலம் நடக்கும். பட்டியலில் 4,000-க்கும் மேற்பட்ட குட்டிகள் இருக்கும். எல்லாம் 'தரோபிரெட்' என்ற பந்தயக் குதிரை இனம். எல்லாமே ஒரு வயதுக் குட்டிகள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்தக் குட்டிகளில் ஒன்றுகூட இதுவரை பந்தயத்தில் ஓடியது இல்லை. பெரும்பாலானவற்றின் முதுகில் சேணம்கூட ஏறியிருக்காது. வேகமாக ஓடுமா, ஓடாதா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனாலும், ஒரு குட்டிக்குச் சில ஆயிரம் டாலர், பக்கத்துக் குட்டிக்குப் பல லட்சம் டாலர் என்று விலை போகும். எதைப் பார்த்து?

ஜனவரி 1-ல் எல்லோருக்கும் பிறந்தநாள்

முதலில் வயதுக் கணக்கைப் பார்ப்போம். வட உலகில் பிறக்கும் தரோபிரெட் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்த குட்டியும், மே மாதம் பிறந்த குட்டியும் அடுத்த ஜனவரி 1-ல் ஒன்றாக 'ஒரு வயது' ஆகிவிடும். குதிரைக்குக் கர்ப்பகாலம் சுமார் 11 மாதம். அதனால் ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்கும்படி நாள் பார்த்துத்தான் இணை சேர்ப்பார்கள்.

ஏலத்தில் நாலு மாதம் மூத்த குட்டியும் இளையதும் ஒரே வரிசையில் நிற்கும். மூத்தது கொஞ்சம் உயரமாக, சதைப்பிடிப்பாக இருக்கும். அனுபவம் இல்லாத கண், 'இதுதான் நல்ல குட்டி' என்று முடிவு கட்டிவிடும். அனுபவசாலி பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, 'இன்னும் நாலு மாதம் போனால் சின்னது எப்படி இருக்கும்?' என்று கணக்குப் போடுவார்.

கல்யாணப் பெண் அலங்காரம்

ஏலத்துக்கு 2, 3 மாதம் முன்பே தயாரிப்பு தொடங்கிவிடும். வெயிலில் மேய்ந்தால் ரோமம் வெளுத்துவிடும் என்று பகலில் லாயத்தில் வைத்து, இரவில் மேயவிடுவார்கள். தினமும் தேய்ப்பு பிரஷ்ஷால் உடம்பு முழுக்கத் தேய்ப்பார்கள். எந்த எண்ணெயும் தராத மினுமினுப்பு இந்தத் தேய்ப்பில் வரும். பிடரி மயிரை வாரி வாரி ஒரே பக்கம் படியவைப்பார்கள். குளம்பைச் சீவி ஒழுங்கு செய்ய ஆள் குறித்த நாளில் வந்து போவார். தீனியும் அளவோடுதான். அதிகம் போட்டால் வளரும் எலும்பு மீது பாரம் ஏறும், குறைத்தால் விலா எலும்பு தெரியும்.

இவற்றைவிட முக்கியமான பாடங்கள் இரண்டு. ஒன்று, நிற்பது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு நாலு காலும் தனித்தனியாகத் தெரியும்படி நிற்கப் பழக்குவார்கள். இரண்டாவது, நடப்பது. கயிற்றைப் பிடித்திருப்பவரோடு இழுபறி இல்லாமல், தலையைத் தாழ்த்தி, வீசி நடக்க வேண்டும். ஏல நாட்களில் ஒரே குட்டியை நாளெல்லாம் புதுப்புது ஆட்கள் வந்து வெளியே அழைத்துவரச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே நடக்க வேண்டும். 400 கிலோ எடையுள்ள குழந்தை அது. மிரண்டால் யாராலும் பிடிக்க முடியாது.

இந்தப் பொறுமையைச் சொல்லிக் கொடுப்பவர்கள் லாயத்துப் பணியாளர்கள். கென்டகிப் பண்ணைகளில் இவர்களில் பலர் மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். விடிவதற்கு முன்பே எழுந்து, குட்டிக்குக் குளிப்பாட்டி, அதோடு மைல்கணக்கில் நடந்து, அதன் குணத்தைத் தாயைப் போல அறிந்தவர்கள். ஏலப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது.

சுழியும் எக்ஸ்-ரேயும்

வாங்க வருபவர் என்ன பார்க்கிறார்? முதலில் ஜாதகம்! ஒவ்வொரு குட்டிக்கும் பட்டியலில் ஒரு பக்கம் உண்டு. அப்பா, அம்மா, பாட்டி, பூட்டி என்று தலைமுறை தலைமுறையாக வரலாறு இருக்கும். பெரிய பந்தயங்களில் வென்ற சொந்தக்காரர்களின் பெயர் தடித்த கறுப்பு எழுத்தில் இருக்கும். பக்கத்தில் கறுப்பு கூடக் கூட விலையும் கூடும். இன்னொரு விஷயம், பந்தய உலகில் தாய் ஒன்றானால்தான் சகோதர உறவு. தந்தை மட்டும் ஒன்றென்றால் கணக்கில் சேராது. ஒரு பொலிகுதிரைக்கு ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேல் குட்டிகள் பிறக்குமே, எத்தனை பேரைச் சகோதரர் என்பது?

அடுத்து கால்கள். முன்னாலிருந்து பார்த்தால் முழங்கால் நேராக இருக்கிறதா? குளம்பு உள்ளே திரும்புகிறதா, வெளியே திரும்புகிறதா? நடக்கும்போது பின்கால் குளம்பு, முன்கால் பதிந்த இடத்தைத் தாண்டி விழுகிறதா? தாண்டி விழுந்தால் எட்டு நீளம் என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியாததற்கு மருத்துவர் வருவார். ஏல வளாகத்திலேயே ஒவ்வொரு குட்டியின் எக்ஸ்-ரே படங்களும் இருக்கும். ஒரு குட்டிக்கு முப்பதுக்கும் மேல். மூட்டில் சின்ன எலும்புத் துணுக்கு தெரிந்தாலும் விலை சரியும். தொண்டைக்குள் எண்டோஸ்கோப்பி விட்டு, குரல்வளை இரண்டு பக்கமும் சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பக்கம் செயலிழந்திருந்தால் ஓடும்போது காற்று போதாது.

நம் ஊர்ச் சுழியும் உண்டு! ஆனால், அங்கே ராசி பார்க்க அல்ல. குதிரையை அடையாளம் காணும் ஆவணத்தில் எந்த இடத்தில் எத்தனை சுழி என்று பதிவு செய்வார்கள். நமக்கு மச்சம் குறிப்பது மாதிரி.

இத்தனைக்கும் பிறகு, ஏல வட்டத்துக்குள் குட்டி நிற்பது சில நிமிடங்கள்தான். சுத்தியல் தட்டிய அந்த நொடியில் உரிமை கைமாறிவிடும். வட்டத்திலிருந்து லாயத்துக்குத் திரும்பும் வழியில் கால் இடறினாலும் நஷ்டம் வாங்கியவருக்கு.

தாய் ஒன்று, விலை வேறு

இவ்வளவு பார்த்து வைக்கும் விலை சரியாக இருக்கிறதா? ஒரு குடும்பக் கதையைக் கேளுங்கள்.

'மை சார்மர்' என்றொரு பெண் குதிரை. அதன் முதல் குட்டி 1975-ல் கென்டகியில் ஏலத்துக்கு வந்தது. முன்கால் ஒன்று வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பார்க்கவும் அப்படியொன்றும் அழகில்லை. மர வியாபாரத்தில் இருந்த ஓர் இளம் தம்பதியும், அவர்களின் கால்நடை மருத்துவ நண்பரும் சேர்ந்து 17,500 டாலருக்கு வாங்கினார்கள். அதற்கு 'சியாட்டில் ஸ்லூ' என்று பெயர் வைத்தார்கள். 1977-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்று 'டிரிபிள் கிரவுன்' வாங்கியது. அதுவரை ஒரு பந்தயத்தில்கூடத் தோற்காமல் அந்தக் கிரீடத்தை அணிந்த முதல் குதிரை அதுதான். மொத்தம் 17 பந்தயம் ஓடி 14-ல் வெற்றி.

பிறகு அதே தாயின் இன்னொரு மகன் 'லோமண்ட்', 1983-ல் இங்கிலாந்தின் 2000 கினீஸ் பந்தயத்தை வென்றது. தாயின் பக்கத்தில் கறுப்பு எழுத்து குவிந்தது. 1985-ல் அதன் மற்றொரு மகன் கீன்லாந்து ஏலத்துக்கு வந்தபோது போட்டி சூடு பிடித்தது. கடைசி விலை 1 கோடியே 31 லட்சம் டாலர்! அன்றைக்கு அது உலக சாதனை. அண்ணனின் விலையைப்போல சுமார் 750 மடங்கு. 'சியாட்டில் டான்சர்' என்று பெயர் சூட்டினார்கள். மோசமான குதிரை என்று சொல்ல முடியாது. 5 முறை ஓடி 2 முறை வென்றது. ஆனால், ஓடிச் சம்பாதித்தது கொடுத்த விலைக்குக் கிட்டக்கூட வரவில்லை. அண்ணனின் புகழுக்குத் தம்பியிடம் விலை வாங்கியிருக்கிறார்கள்!

'சண்டே சைலன்ஸ்' கதை இன்னும் உருக்கம். ஒல்லி உடம்பு, உள்ளே திரும்பிய பின்கால்கள். 1987-ல் ஏலத்துக்கு வந்தபோது யாரும் சீந்தவில்லை. பண்ணைக்காரரே 17,000 டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் இன்னொரு ஏலம், அங்கும் போகவில்லை. 1989-ல் அதே குதிரை கென்டகி டெர்பியை வென்றது. பிறகு ஜப்பானுக்குப் போய், அந்த நாட்டுப் பந்தயக் குதிரை இனத்தையே மாற்றிய தந்தை ஆனது.

நிபுணர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று அர்த்தமில்லை. 40 லட்சம் டாலருக்குப் போன 'ஃபுசாய்ச்சி பெகாசஸ்' 2000-ல் டெர்பியை வென்றது. 10 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட 'ஃப்ளைட்லைன்' 2022 வரை 6 பந்தயம் ஓடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நல்ல கண்ணுக்குப் பலன் உண்டு. முழு உத்தரவாதம்தான் இல்லை.

பத்து விநாடி

ஓடவிட்டுப் பார்த்து வாங்கினால் என்ன? அதற்கும் சந்தை இருக்கிறது. ஃப்ளோரிடாவில் இரண்டு வயதுக் குதிரைகளை ஏலத்துக்கு முன் ஒரு ஃபர்லாங், அதாவது சுமார் 200 மீட்டர், ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். 2006-ல் 'தி கிரீன் மங்கி' என்ற குதிரை அதை 9.8 விநாடியில் கடந்தது. மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல்! இரு பெரும் பணக்காரத் தரப்புகள் போட்டி போட்டு, 1 கோடியே 60 லட்சம் டாலரில் வந்து நின்றது. அந்தக் குதிரை வாழ்நாளில் 3 பந்தயம் ஓடியது. ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. பரிசுப் பணம் 10,440 டாலர்.

200 மீட்டர் வேகத்தை வைத்து ஒரு வாழ்க்கையைக் கணித்ததன் விலை அது. இதில் குதிரைக்கும் ஒரு விலை இருக்கிறது. இரண்டு வயதில் எலும்பு முழுதாக முற்றியிருக்காது. கடிகாரத்துக்காக அதை முழு வேகத்தில் விரட்டலாமா என்ற கேள்வி அங்கேயே இருக்கிறது. குட்டியாக இருக்கும்போதே வளைந்த காலை அறுவை சிகிச்சையில் நேராக்கி விற்பதும் நடக்கிறது. கால் நிமிரும், உண்மைதான். ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போவது பழைய வளைவுதான்.

கண்ணால் பார்க்கலாம், எக்ஸ்-ரேயில் பார்க்கலாம். முன்னால் ஓடும் குதிரையை விடக் கூடாது என்ற பிடிவாதம் எந்தப் படத்திலும் பதியாது. சியாட்டில் ஸ்லூவை வாங்கியவர்களும் திரும்பிய காலைப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தாமல் மீதியையும் பார்த்தார்கள்.

நம் வீடுகளிலும் ஏலம் நடக்கிறது. அண்ணன் மார்க்கை வைத்துத் தம்பிக்கு விலை, ஜனவரியில் பிறந்த பிள்ளையோடு மே மாதப் பிள்ளைக்கு ஒப்பீடு, ஒரு தேர்வின் மூன்று மணி நேரத்தை வைத்து முழு வாழ்க்கைக்குத் தீர்ப்பு. அடுத்த முறை விருந்தாளி முன்னால், 'பெரியவன் மாதிரி இவன் இல்லை' என்று சொல்ல வாய் எடுக்கும்போது, கீன்லாந்தில் யாரும் கேட்காமல் லாயத்துக்குத் திரும்பிய அந்த ஒல்லிக் குட்டியை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.