வீட்டுக்குள் தூங்கும் விஷம்!

பரணில் பழைய டெலிவிஷன். மேஜை டிராயரில் ஓடாத செல்போன். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு – எங்கும் இதே காட்சிதான்.

குப்பைத் தொட்டியில் போடலாமா?

கூடாது! இந்தப் பகுதிகளின் குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு தீப்பற்றி, பல நாள் புகைந்தது.

பழைய டெலிவிஷன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். டியூப் லைட்டில் இருப்பது பாதரசம்.

காயலான் கடையில் போட்டால்?

காசு வரும். ஆனால், கைமாறிப் போகும் வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவர்கள் உண்டு. நமக்குச் சில ரூபாய். விஷப்புகை ஓர் ஏழைத் தொழிலாளிக்கு!

சட்டம் இருக்கிறது. 1-4-2023 முதல் அமுலுக்கு வந்த விதிகளின்படி, பழைய பொருளைப் பதிவு பெற்ற ஆலையில் பிரித்தெடுக்கச் செய்வது, தயாரித்த கம்பெனியின் பொறுப்பு. ஆனால், பொருள் அங்கே போய்ச் சேர வேண்டுமே! சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. மீதி நம் கையில்தான்.

சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில், சனிக்கிழமைகளில் இவற்றை வீடு தேடி வந்து வாங்கத் தொடங்கியது. 1913 எண்ணுக்குப் போன் செய்து விவரம் கேளுங்கள். கொடுக்கும் முன் செல்போனில் உள்ள படங்களை அழித்துவிடுங்கள். பாட்டரியை மட்டும் உடைக்காதீர்கள், தீப்பிடிக்கும்!