பரந்தனின் காலம் முடியவில்லை

வடக்கின் பழைய தொழிற்சாலைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போது எங்கும் ஒரே பதில்தான் வருகிறது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை எல்லாம் முடிந்த கதை என்கிறார்கள். நிற்கும் சுவர்களை இடித்து, இரும்பை விற்று, வெறுங்காணியாக்கி முதலீட்டாளரிடம் கொடுத்தால்தான் விடிவு வரும் என்கிறார்கள். அதிகாரிகள் சொல்கிறார்கள், வர்த்தகர்கள் சொல்கிறார்கள், விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த உறவினரும் சொல்கிறார்கள். வவுனியாவின் நெளுக்குளத்தில் வாழும் எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. இந்த வாதத்தின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை நிற்கமாட்டா.

"நட்டத்தால் மூடப்பட்டவை, சந்தை அவற்றைக் கைவிட்டுவிட்டது"

வரலாற்றைப் பார்த்தால் இது பொய்யாகிவிடும். ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் காகிதம் என்று ஆலைகள் முன்னெடுக்கப்பட்டன. மூன்று இடங்களும் காரணத்தோடு தெரிவுசெய்யப்பட்டவை. காங்கேசன்துறையில் சுண்ணாம்புக்கல்லும் துறைமுகமும் புகையிரதப் பாதையின் முடிவிடமும் இருந்தன. பரந்தனுக்கு அருகில் ஆனையிறவு உப்பு இருந்தது. வாழைச்சேனையைச் சுற்றி வைக்கோல் கிடைத்தது.

காங்கேசன்துறை ஆலை 1950 முதல் சீமெந்து தந்தது. அதை 1990இல் நிறுத்தியது போர். அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பரந்தன் ஆலையின் ஓட்டமும் போர் தொடங்கிய 1980களிலேயே தடைப்பட்டது. ஆனையிறவு உப்பளம் போர்க்களமாகவே மாறியது. இந்த இடங்களில் விற்பனை குறைந்து, கடன் ஏறி, கதவு பூட்டப்படவில்லை. துப்பாக்கி வந்ததால் பூட்டப்பட்டது. இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு. சந்தை கைவிட்ட தொழிலுக்கு மாற்றுத் தொழில்தான் தேடவேண்டும். போர் முறித்த தொழிலுக்கோ, முறிந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பொருத்த முடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும். போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

"அந்தப் பொருட்களுக்கு இன்று தேவை இல்லை"

பரந்தனைப் பற்றி இப்படிச் சொல்பவர்கள் தங்கள் வீட்டுக் குடிநீர்க் குழாயைத் திறந்து பார்க்கட்டும். வவுனியாவுக்குப் பேராற்று நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீரானாலும், கொழும்புக்குக் களனி ஆற்றிலிருந்து போகும் நீரானாலும், கிருமி நீக்கக் குளோரின் வேண்டும். பரந்தன் பெயரைத் தாங்கிய அரச கம்பனி இன்றும் இயங்குகிறது. வெளிநாட்டிலிருந்து திரவக் குளோரினை இறக்குமதி செய்து நீர்வழங்கல் சபைக்குக் கொடுப்பது அதன் முக்கிய வேலை. பரந்தனில் செய்த பொருள் இப்போது கப்பலில் வருகிறது, அவ்வளவுதான். தேவை இல்லை என்றால் அந்தக் கம்பனி இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்குமா?

தொழிலின் செய்முறை எளிது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரினும் எரிசோடாவும் ஐதரசனும் கிடைக்கின்றன. ஒரு தொன் குளோரினுக்கு ஏறத்தாழ 1.65 தொன் உப்பு போதும். கூடவே ஒரு தொன்னுக்குச் சற்று மேல் எரிசோடா வருகிறது. சவர்க்காரம், காகிதம், துணி என்று எரிசோடா வேண்டிய தொழில்கள் நாடெங்கும் உள்ளன. ஆனையிறவில் 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நாடு உப்பையே இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்ததையும் கண்டோம். உப்பளத்தை விரிவாக்கி, மழைக்குத் தாங்கும் களஞ்சியம் கட்டி, மிஞ்சும் உப்பைப் பரந்தனுக்கு அனுப்பினால் இரண்டு இடங்களும் ஒன்றையொன்று தாங்கும். ஆனையிறவும் பரந்தனும் அன்று அப்படித்தான் பிணைக்கப்பட்டன.

இதில் வலுவான எதிர்வாதம் மின்சாரம். புதிய சவ்வு முறையிலும் ஒரு தொன் குளோரினுக்கு 2,000 அலகுக்கு மேல் செலவாகும். இலங்கையின் மின்கட்டணத்தில் அது கசக்கும் கணக்கு என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் நாடு முழுவதற்கும் ஒரே பெரிய ஆலை என்று தொடங்காமல், நீர்வழங்கல் சபையின் வடக்குத் தேவையை அளவாக வைத்து, சூரிய மின்சாரத்தோடு சேர்த்துச் சிறிதாகத் தொடங்கவேண்டும். உச்சி வெயிலில் வன்னி எதைத் தருகிறதென்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"மீட்பது என்றால் எல்லாவற்றையும் பழையபடி ஓட்டுவது, அது அழிவு"

இந்த அச்சத்தில் ஒரு பாதி உண்மை. காங்கேசன்துறையில் மீண்டும் சுண்ணாம்புக்கல் வெட்டி அடுப்பெரிப்பதை நானும் எதிர்ப்பேன். குடாநாட்டின் குடிநீர் அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குள்ளேதான் தேங்கி நிற்கிறது. பாறையைத் தோண்டத் தோண்டக் கடல்நீர் உள்ளே வரும். ஒரு மூடை சீமெந்துக்காக ஒரு ஊரின் கிணற்றைக் கொடுக்க முடியாது. கல்லில்லாமல் வேறு வழியும் உண்டு. திருகோணமலையில் இறக்குமதிக் கிளிங்கரை அரைத்தே பல பத்தாண்டுகளாகச் சீமெந்து செய்கிறார்கள். காங்கேசன்துறையில் துறைமுகம் இருக்கிறது. 2015 முதல் புகையிரதமும் அங்கே மீண்டும் வந்துவிட்டது. களஞ்சியம், பொதியிடல், கப்பல் பழுதுபார்த்தல் போன்ற வேலைகளுக்கு அந்த இடம் பொருந்தும்.

பரந்தனிலும் அப்படித்தான். அந்தக் காலத்துக் குளோரின் ஆலைகள் உலகமெங்கும் பாதரசக் கலங்களைப் பெரிதும் பயன்படுத்தின. எனவே புதிய கல் வைப்பதற்கு முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, முடிவை ஊருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தவறான முறைகளை விட்டு, சரியான தொழிலை வைத்துக்கொள்வதும் மீட்புதான்.

"பழைய கட்டடங்கள் சுமை, இடித்தால்தான் வேலை நடக்கும்"

இடிப்பதற்கும் பணம் வேண்டும், இடித்த பின் கட்டுவதற்கும் பணம் வேண்டும். எந்தக் கட்டடம் தாங்கும், எது தாங்காது என்பதைப் பொறியியலாளர்தான் சொல்லவேண்டும். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பரந்தன் அதற்கு எட்டாத தூரமல்ல. மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. கந்தப்பளையில் கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை இடிக்காமல் ஹோட்டலாக்கினார்கள். 1996 முதல் அது நடக்கிறது. ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இன்று தேயிலை அருங்காட்சியகம். ஜெர்மனியின் எசன் நகரில் 1986இல் மூடப்பட்ட சொல்வெரைன் நிலக்கரிச் சுரங்கத்தைப் பழைய இரும்புக்கு விற்காமல் காத்தார்கள். 2001இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

மலைநாட்டில் தேயிலைத் தொழிலாளரின் உழைப்பிடத்தைக் காக்கத் தெரிந்த நாட்டுக்கு, பரந்தனில் இரசாயனத் தொழிலாளரின் உழைப்பிடத்தைக் காக்கத் தெரியாதா? அங்கே வேலை செய்தவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களும் முதியவர்கள். ஒரு களஞ்சியத்தையாவது செப்பனிட்டு, தொழிற்பயிற்சி நிலையமாகவும் அவர்களுடைய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் இடமாகவும் ஆக்கினால், வன்னிக்குக் குளமும் வயலும் மட்டுமல்ல, ஆலையும் இருந்தது என்று பிள்ளைகள் அறிவார்கள்.

"வேலை செய்ய இளைஞர் இல்லை, எல்லோரும் வெளிநாடு போகிறார்கள்"

போகிறார்கள்தான். ஆனால் படிக்காததால் போகவில்லை, படித்ததற்கு வேலை இல்லாததால் போகிறார்கள். எங்கள் நெளுக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அருகே பம்பைமடுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் அதன் தொழில்நுட்பக் கற்கைகள் பீடமும் இருக்கின்றன. உருக்கி ஒட்டுநர், மின்னியலாளர், ஆய்வுகூட உதவியாளர் எல்லாம் இந்த மண்ணிலிருந்தே உருவாகிறார்கள். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் விண்ணப்பிக்கும் இடம் பெரும்பாலும் கொழும்பு அல்லது கட்டார். ஆலை இல்லாத ஊரில் தொழில்நுட்பக் கல்வி, ஊரை விட்டுப் போவதற்கான பயிற்சியாகவே முடிகிறது. ஆள் இல்லை என்று ஆலையைத் தள்ளிப்போடுகிறோம். ஆலை இல்லை என்று ஆள் போய்விடுகிறான். இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் உடைத்தாகவேண்டும்.

"காணியைக் கொடுத்தால் முதலீட்டாளர் எல்லாம் பார்த்துக்கொள்வார்"

முதலீடு வரட்டும். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் பல பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தன; அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நூலும் துணியும் வெளியிலிருந்து வந்து, தைத்த ஆடை வெளியே போய்விடுகிறது. சுற்றியுள்ள விவசாயிக்கோ கடைக்காரருக்கோ தொழில்நுட்பம் கற்றவருக்கோ அதனால் வரும் பயன் குறைவு. உப்பு, குளோரின், எரிசோடா என்று தொடரும் தொழிலில் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளூரில் வேலை பிறக்கும்.

கட்டடமும் காணியும் மட்டும் போதாது என்பதை வவுனியா ஏற்கெனவே கற்றுக்கொண்டது. பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று 2016இல் நடந்த இழுபறியை இங்கே யாரும் மறக்கவில்லை. கடைசியில் கட்டியும் முடித்தார்கள். புத்தம்புதுக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. விவசாயியையும் வியாபாரியையும் முதலில் உட்காரவைத்துப் பேசாததன் விலை அது. ஆனையிறவிலும் உப்புத் தொழிற்சாலை திறந்த சில வாரங்களுக்குள் தொழிலாளர்கள் போராட வேண்டிவந்தது.

அரசு பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய மூன்று இடங்களிலும் கைத்தொழில் வலயம் அமைப்பதாக அறிவித்திருக்கிறது. அதை வரவேற்கிறேன். வலயத்தின் எல்லைக்கல் நடப்படுவதற்கு முன் நான்கு வேலைகள் நடக்கவேண்டும். பரந்தனின் மண்ணும் நீரும் பரிசோதிக்கப்பட்டு அறிக்கை தமிழில் வெளிவரவேண்டும். நிற்கும் கட்டடங்கள் ஒவ்வொன்றும் மதிப்பிடப்படும்வரை ஒரு சுவரும் இடிக்கப்படக்கூடாது, ஒரு துண்டு இரும்பும் ஏலம் போகக்கூடாது. நீர்வழங்கல் சபை எவ்வளவு குளோரினை எத்தனை ஆண்டுகளுக்கு வாங்கும் என்று எழுத்தில் உறுதி தரவேண்டும். வலயத்தின் நிர்வாகத்தில் பிரதேச சபைக்கும் உப்பளத் தொழிலாளருக்கும் நெளுக்குளம், கிளிநொச்சி போன்ற இடங்களின் பயிற்சி நிறுவனங்களுக்கும் இடம் வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரும் முதலீட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மண் பரிசோதனைக்கும் கட்டட மதிப்பீட்டுக்கும் ஓர் அமைச்சின் கடிதம் போதும். நமது நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேட்டு வாங்கவேண்டும். அதைக்கூடக் கேட்காமல் பரந்தன் முடிந்துவிட்டது என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.