அபிகாயிலின் கழுதைகள்

சமாதானம் செய்பவர் என்றால், இரு தரப்புக்கும் நடுவே நின்று இருவரையும் பொறுமையாக இருக்கச் சொல்பவர் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். விவிலியத்தில் சாமுவேல் முதலாம் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் அபிகாயில் அத்தகையவள் அல்லள்.

அவளுடைய கணவன் நாபால் பெருஞ்செல்வன். 3000 செம்மறிகளுக்குச் சொந்தக்காரன். வனாந்தரத்தில் அவனுடைய மேய்ப்பர்களுக்கு இரவும் பகலும் அரணாக நின்றவர்கள் தாவீதின் ஆட்கள். மயிர்கத்தரிப்பு நாளில் அவர்கள் உணவு கேட்டு வர, நாபால் இழிவாகப் பேசித் துரத்துகிறான். தாவீது 400 பேருடன் வாளெடுத்துப் புறப்படுகிறான். செய்தியை அபிகாயிலிடம் கொண்டுவருபவன் ஒரு வேலைக்காரன். எசமானனிடம் பேச முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

அவள் செய்வது மூன்று காரியங்கள். 200 அப்பங்கள், சமைத்த ஆடுகள், வறுத்த தானியம், திராட்சை, அத்தி அடைகள் என்று கழுதைகளில் ஏற்றுகிறாள். அதாவது மறுக்கப்பட்டதைக் கொடுக்கிறாள். தன் வீட்டின் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். அதன் பிறகே, இரத்தப் பழி உன்னை வாழ்நாளெல்லாம் வருத்தும் என்று தாவீதை எச்சரிக்கிறாள். இந்த வரிசைதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. கொடுக்காமல், குற்றத்தை ஒப்பாமல், அமைதியை மட்டும் போதித்திருந்தால் அந்த வாள் உறைக்குத் திரும்பியிராது.

இராயபுரத்திலிருந்து சற்றே மேற்கில் இருக்கிறது புளியந்தோப்பு. இந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் 1921-ஆம் ஆண்டின் புளியந்தோப்பு என் நினைவுக்கு வருகிறது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் அவ்வாண்டு நடந்த வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். ஆதிதிராவிடர் பலர் உள்ளே வேலைக்குச் சென்றனர். ஆலைக்கு எதிரான போராட்டம் தொழிலாளருக்கு இடையிலான கலவரமாயிற்று. குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

உள்ளே சென்றவர்களைக் கருங்காலிகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஊருக்குள் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனிடம் ஆலை வாயிலில் மட்டும் சகோதரத்துவம் கேட்பது என்ன நியாயம்? தலைவர்களோ பெரும்பாலும் அவரவர் மக்களுக்காகவே பேசினர். டாக்டர் சி. நடேச முதலியார் சமரசம் பேச முன்வந்தார். அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்தது. ஆயினும் ஆலையோடு வந்த சமாதானம் சேரியோடு வந்த சமாதானம் ஆகிவிடவில்லை. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923-இல் நீதிக்கட்சியை விட்டே வெளியேறினார். அபிகாயிலைப் போலத் தன் வீட்டின் பழியை ஏற்று, கழுதைகளோடு எதிரே நடந்துவரும் குரல் அன்று போதிய வலுவோடு எழவில்லை என்பதே என் எண்ணம்.

இது பழங்கதை அன்று. இன்றும் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலை வாயில்களில் நிரந்தரத் தொழிலாளி ஒப்பந்தத் தொழிலாளியை ஐயத்தோடு பார்க்கிறான். இருவரும் சேர்ந்து வடமாநிலத்திலிருந்து வந்தவனைப் பார்க்கிறார்கள். தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவியபோது, அஞ்சி ஊர் திரும்பியவர்கள் உண்டு. அரசு மறுத்தது, அது தேவைதான். ஆனால் செய்தி பொய் என்று நிறுவுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறதா? அந்தப் பொய்யை நம்பும்படியாக அவர்களை நாம் எப்படி நடத்தியிருக்கிறோம், தேநீர்க்கடையில் என்ன பெயர் சொல்லி அழைத்திருக்கிறோம் என்பதை யார் கேட்பது?

எதிர்த்தரப்பின் குற்றத்தைச் சொல்ல நமக்குத் துணிவு குறைவில்லை. நம் சங்கத்தில், நம் தெருவில், நம் சாதியில் இருக்கும் நாபாலைப் பெயர் சொல்லி அழைக்கத்தான் அது வேண்டியிருக்கிறது. அபிகாயில் கணவனிடம் சொல்லாமல் புறப்பட்டாள். திரும்பி வந்து, அவன் போதை தெளிந்த காலையில் எல்லாவற்றையும் அவனிடமே சொன்னாள். தாவீதின் முன் நின்றதைவிட, அந்தக் காலைப்பொழுதுக்கு அதிகத் துணிவு தேவைப்பட்டிருக்கும்.