மதுரையைவிடக் கிட்டத்தில்!

நேயர்களே, இன்று ஒரு சின்னக் கணக்கு. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ஆகாய மார்க்கமாகப் புறப்பட்டால் மதுரை கிட்டவா, யாழ்ப்பாணம் கிட்டவா?

"இதென்ன கேள்வி? மதுரை நம் ஊர். அது கடல் கடந்த தேசம்!" என்றுதான் நானும் சொன்னேன். பிறகு தேசப் படத்தை விரித்து அளந்து பார்த்தால், வெட்கமாகப் போய்விட்டது. மதுரை விமான நிலையம் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி நிலையமோ சுமார் 355 கிலோமீட்டர்தான்! சென்னையிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால் போதும்.

இந்த வழியில் போவது இறக்கைகளில் விசிறி சுழலும் சிறிய விமானம். மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகம். "அப்படியானால் முக்கால் மணியில் போய்விடலாமே?" என்பீர்கள். கால அட்டவணையிலோ ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் போட்டிருக்கும். ஏமாற்று வித்தை ஒன்றும் இல்லை. நின்ற இடத்தை விட்டு நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஓரிடத்தில் நிற்கும் வரை எல்லாம் பிரயாண நேரந்தான். சமையல் நேரம் என்றால் காய் நறுக்குவதும் சேர்த்தியில்லையா?

இது புதிய பாதையும் அல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் கொழும்பிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு முறை இறங்கிவிட்டுத்தான் சென்னைக்கு வந்தது. பிற்பாடு யுத்தம் வந்தது, பாதை அடைபட்டது. 2009-ல் யுத்தம் ஓய்ந்த பிறகும் பத்து வருஷம் அடைபட்டே கிடந்தது. 2019 நவம்பரில் திறந்து, கொரோனாவினால் மூடி, 2022 டிசம்பரில் மறுபடி திறந்தது.

இந்தத் தேதிகளெல்லாம் நமக்கு வெறும் சரித்திரம். எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்கு அப்படியல்ல. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 2014-ல் ஒரு நாள் காலை, தாயார் காலமானார் என்று டெலிபோன் வந்தது. அன்றைக்கு இருந்த வழி, சுமார் 650 கிலோமீட்டர் பறந்து கொழும்பு. அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தரை மார்க்கமாக மீண்டும் வடக்கே! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். டிக்கெட் கிடைத்து, விடிய விடியப் பஸ்ஸில் குலுங்கி, மறுநாள் அவர் வாசலில் கால் வைத்தபோது சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள்.

சென்ற வருஷம் தமக்கைக்கு உடம்பு சரியில்லை என்று மறுபடி செய்தி வந்தது. இந்தத் தடவை நேர் விமானம். காலையில் எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியவர், அன்று மாலையே தமக்கைக்குத் தம் கையால் கஞ்சி கொடுத்திருக்கிறார். கைக்கடிகாரத்தைக்கூடத் திருப்பி வைக்க வேண்டியிருக்கவில்லை. 2006 முதல் இரண்டு தேசங்களுக்கும் ஒரே மணிதான்.

திரும்பி வந்ததும், "இவ்வளவு கிட்டத்திலா இருந்தது உங்கள் ஊர்?" என்று கேட்டேன்.

"ஊர் ஒருநாளும் தூரத்திலே இருக்கேல்லை, பிள்ளை. வழிதான் தூரத்திலே இருந்தது" என்றார்.

நான் அளவுகோலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.