மேட்ச்சுக்காக பள்ளியை மூடாதீங்க, பள்ளியிலேயே மேட்ச்சைப் போடுங்க!



நம்ம சாரம் பகுதி இளைஞர்கள் வாட்ஸ்அப் குரூப்ல கொஞ்ச நாளா ஒரு கோரிக்கை சுத்திக்கிட்டு இருக்கு. பெரிய மேட்ச் நடக்குற அன்னைக்கு புதுச்சேரியில பள்ளிகளுக்கு அரை நாள் லீவு விடணுமாம், அதை நம்ம கட்சி அரசுகிட்ட கேட்கணுமாம். "ஒரு போஸ்டர் டிசைன் பண்ணிக் கொடு தம்பி"ன்னு என்கிட்டயும் கேட்டாங்க. நான் பண்ணல. ஏன் பண்ணலன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. இது தலைமையின் அறிக்கை இல்ல, ஐடி விங்ல வேலை பார்க்குற ஒரு தொண்டனோட கருத்து. திட்டுறதா இருந்தா என்னையே திட்டுங்க.

நான் கிரிக்கெட் பிடிக்காதவன்னு நினைச்சுடாதீங்க. செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி கூட ஹாஸ்டல்ல ஐபிஎல் பார்த்தவன் நான். அதோட, லீவு விட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அனுபவிச்சிருக்கேன்.

2011 மார்ச் 30, புதன்கிழமை. மொகாலியில இந்தியா – பாகிஸ்தான் உலகக் கோப்பை அரையிறுதி. ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒண்ணா உட்கார்ந்து பார்த்த மேட்ச். பாகிஸ்தான்ல அரசாங்கமே அரை நாள் லீவு விட்டுச்சு. இங்க உத்தரவு எதுவும் வரல. ஆனா நான் படிச்ச பள்ளியில மதிய சாப்பாட்டு பெல்லோட எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் அப்ப சின்னப் பையன். ஓடி வந்து டிவி முன்னாடி உட்கார்ந்தேன். சச்சின் 85 அடிச்சதை முழுசாப் பார்த்தேன், இந்தியா 29 ரன்ல ஜெயிச்சதையும் பார்த்தேன்.

மறுநாள் பக்கத்து பெஞ்சுக்காரன்கிட்ட "மேட்ச் பார்த்தியாடா"ன்னு கேட்டேன். அவன் அம்மா ஜவுளிக்கடையில வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் வருவாங்க, வீட்டுச் சாவி அவங்ககிட்டதான் இருக்கும். வழக்கமா ஸ்கூல் விட்டதும் டியூஷன் போவான், அன்னைக்கு அதுவும் இல்ல. ஒரு கடை வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் பார்த்திருக்கான், கூட்டம் சேருதுன்னு கடைக்காரர் விரட்டிட்டார். அப்புறம் பூட்டின வீட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்திருக்கான். "ரோட்ல பட்டாசு வெடிச்சப்பதான்டா ஜெயிச்சோம்னு தெரிஞ்சுது"ன்னான். அதே லீவுதான் எனக்கும் கிடைச்சது.

அரை நாள் லீவுன்னு கேட்கும்போது நம்ம மனசுல வர்ற பையன் டிவி இருக்குற, அம்மா வீட்ல இருக்குற பையன். அரசுப் பள்ளியில படிக்குற பிள்ளைங்க பல பேரோட அம்மா அந்த நேரத்துல வேலையில இருப்பாங்க. மாணவர் சிறப்புப் பேருந்து வேற வழக்கமான நேரத்துக்குத்தான் வரும். ரெண்டு மணிக்கு வெளியில விட்டா, வெளியூர்ல இருந்து வர்ற பொண்ணு நாலு மணி வரைக்கும் பஸ் ஸ்டாப்புல நிக்கணும். வீடு போய்ச் சேர்ந்தாலும் ரிமோட் அண்ணன் கையில. அவளுக்கு வீட்டு வேலை காத்திருக்கும். நம்ம வீடுகள் எப்படின்னு நமக்குத் தெரியாதா என்ன?

இன்ஜினியரிங் படிச்சவன், கணக்கு போடாம விட்டா எப்படி? 2023 உலகக் கோப்பையை எடுத்துக்கோங்க. இந்தியா ஆடின மேட்ச் 11. அதுல 6 ஞாயிற்றுக்கிழமை, 1 சனிக்கிழமை. டிவிக்காரனுக்கு விளம்பரம் வேணுமே, அவனே பார்த்து லீவு நாளாத்தான் போடுறான். மிச்சம் 4 மேட்ச்தான் வேலை நாள். எல்லாமே மதியம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி வரை போற மேட்ச். நவம்பர் 15 அரையிறுதியில கோலி 50-வது சதம் அடிச்சப்ப மணி கிட்டத்தட்ட அஞ்சு. ஷமி எடுத்த 7 விக்கெட்டும் இருட்டினதுக்கு அப்புறம். பள்ளி முடிஞ்சு நடந்து வீட்டுக்கு வந்த பையன் இது எல்லாத்தையும் பார்த்திருக்கலாம். அவன் தவறவிட்டதுல ரோஹித்தோட 47-ம் உண்டு. சரி, அது கொஞ்சம் வருத்தம்தான், ஒத்துக்குறேன்.

பெரிய மேட்ச்னா எது? இதுக்கு குரூப்ல யாரும் பதில் சொல்லல. நம்ம புதுச்சேரி அரசு உத்தரவு போட்டா அது நாலு பிராந்தியத்துக்கும் போகும். காரைக்காலும் ஏனாமும் இருக்கட்டும், மாஹேக்குப் போய்ப் பாருங்க. அது கேரளாக் கரை, அங்க உயிர் ஃபுட்பால்தான். 2022 நவம்பர் 22 அன்னைக்கு அர்ஜென்டினா – சவுதி மேட்ச் நம்ம நேரம் மூன்றரை மணிக்கு. சீக்கிரம் விடச் சொல்லி கேரளாவுல பள்ளிப் பிள்ளைங்க ஹெட்மாஸ்டருக்கு எழுதின கடிதம் ஊரெல்லாம் சுத்துச்சு. கடைசியில அர்ஜென்டினா 2-1ல தோத்துச்சு, பாவம். சவுதியில மறுநாள் நாடு முழுக்க லீவு. அவங்க ஜெயிச்சப்புறம் விட்டாங்க, அது வேற கதை. கிரிக்கெட்டுக்கு லீவு விட்டா மாஹே பிள்ளை சும்மா இருப்பானா? இருக்கக் கூடாதுங்கிறதுதான் நியாயம்.

இன்னொண்ணும் கேட்குறேன், கோபப்படாதீங்க. 2025 அக்டோபர் 30 வியாழக்கிழமை, மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி. மூணு மணிக்கு மேட்ச். ஆஸ்திரேலியா அடிச்ச 338 ரன்னை விரட்டி ஜெயிச்சோம், ஜெமிமா 127 நாட் அவுட். அன்னைக்கு அரை நாள் லீவு கேட்டு நம்ம குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சா? நானும் கேட்கல. இப்ப யோசிச்சா வெட்கமா இருக்கு.

லீவு விட்டா விளையாட்டு வளரும்னு ஒரு அண்ணன் எழுதியிருந்தார். நம்ம ஊர்ல இருந்து ஈசிஆர்ல ரெண்டு மணி நேரத்துல மாமல்லபுரம். 2022ல அங்க செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சு. ஜூலை 28 தொடக்க விழாவுக்காக சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் 4 மாவட்டத்துக்கும் உள்ளூர் விடுமுறை. விழா நடந்தது சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்துல, அதுவும் சாயங்காலம். போட்டி ஆரம்பிச்சதே மறுநாள்தான். அந்த லீவுல எத்தனை பிள்ளைங்க செஸ் போர்டைத் தொட்டிருப்பாங்க? ஆனா அதுக்கு முன்னாடி தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல செஸ் போட்டி வச்சாங்களே, அது பிள்ளைங்க கையில காயைக் கொடுத்துச்சு. அந்த ஒலிம்பியாட்ல தொடர்ந்து 8 ஆட்டம் ஜெயிச்சு தங்கம் வாங்கின 16 வயசு குகேஷ், 2024 டிசம்பர்ல உலக சாம்பியன்.

அப்ப பிள்ளைங்க மேட்ச்சே பார்க்கக் கூடாதா? பார்க்கணும். எல்லாரும் சேர்ந்து பார்க்கணும். அதுக்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கே!

2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலாவுல இறங்கின நாள். உத்தரப்பிரதேசத்துல என்ன பண்ணாங்க தெரியுமா? பிள்ளைங்க நேரலையில பார்க்கணும்னு சாயங்காலம் 5.15ல இருந்து 6.15 வரை பள்ளியைத் திறந்து வைக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க. அங்க ஆளுற கட்சியைப் பத்தி எனக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கு, ஆனா இந்த யோசனை நல்ல யோசனை. அந்தத் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம பக்கத்து விழுப்புரத்துக்காரர். அவரோட வெற்றியைப் பிள்ளைங்க ஒண்ணா உட்கார்ந்து பார்க்கப் பள்ளியைத் திறந்தாங்க. நாம மேட்ச் பார்க்கப் பள்ளியை மூடச் சொல்றோம்.

எந்த மேட்ச்சைப் போடுறதுங்கிற சண்டையும் வேண்டாம். எதெல்லாம் தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டின்னு ஒன்றிய அரசு ஏற்கெனவே பட்டியல் போட்டு வச்சிருக்கு. 2007 சட்டப்படி அந்த மேட்ச் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனோட பகிர்ந்தே ஆகணும். ஒலிம்பிக்ஸ் அதுல இருக்கு, ஃபுட்பால் உலகக் கோப்பை இறுதிப் போட்டி இருக்கு, நம்ம மகளிர் கிரிக்கெட்டும் இருக்கு. வருஷத்துக்கு நாலஞ்சு நாள், கடைசி ரெண்டு பீரியடை ஹாலுக்கு மாத்துங்க. பெல் அடிச்சதும் வழக்கமான பஸ்ல பிள்ளைங்க வீடு போகட்டும். இருந்து பார்க்கணும்னு நினைக்கிறவங்க வீட்ல எழுதி வாங்கிட்டு இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்குக் கூடுதல் சுமைதான். அதனால இது வருஷம் பூரா நடக்குற வேலையா ஆகக் கூடாது. மழைக்காலத்துல ஏற்கெனவே நாள் போகுது, ஃபெஞ்சல் புயலப்ப எப்படி இருந்துச்சுன்னு யாரும் மறந்திருக்க மாட்டோம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8-ம் வகுப்பு வரை 220 வேலை நாள் கேட்குது. அதே சட்டத்தோட அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் கேட்குது. கணக்கு வாத்தியார் கடன் வாங்கிட்டுப் போன பி.டி. பீரியடை யார் திருப்பிக் கேட்கப் போறது? கட்சி அரசுகிட்ட கேட்க வேண்டியது அந்த மாதிரி விஷயம்னு நான் நினைக்கிறேன்.

போஸ்டர் டிசைன் பண்ணித் தரேன் அண்ணே, இன்னைக்கு ராத்திரியே. வாசகம் மட்டும் மாறும்: "எங்க பள்ளியிலேயே மேட்ச் போடுங்க. பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்க." இதைவிட நல்ல வாசகம் இருந்தா அனுப்புங்க. அக்காக்கள், தங்கச்சிகள் கண்டிப்பா அனுப்புங்க. உங்க தெருப் பக்கத்து அரசுப் பள்ளியில மைதானம் இருக்கா, அதுல பிள்ளைங்க விளையாடுறாங்களா, இல்ல வண்டி நிக்குதான்னு ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்புங்க. மனு எழுதும்போது அதையெல்லாம் இணைச்சுக்கலாம்.

#பள்ளியிலேயே_மேட்ச் #பிடி_பீரியட்_எங்கே #சாரம் #புதுச்சேரி