துரைமாரின் நீதிக்கு ஏங்குகிறவர்களுக்கு

நமது இலக்கியக் கூட்டங்களில் இரண்டு சாராரைக் காண்கிறேன். முஸ்லிம் மன்னர்களின் கீழ் பிரிவுப் பேதத்தின் பெயரால் ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் மூட்டிவிட்ட தீ என்பார்கள் ஒரு சாரார். வெள்ளைக்காரன் போனதோடு நீதியும் கப்பலேறிவிட்டது என்பார்கள் மறு சாரார். தேநீர் வேளையில் இருவரும் ஒரே மேசையில் வடை தின்பதால் இது பெரிய சண்டையாகத் தெரிவதில்லை. ஆனால் இரண்டு பேச்சும் நம்மைக் கொண்டுபோய் விடும் இடம் ஒன்றுதான்: நமக்குள் நடந்த அநியாயத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற இடம்.

பஹ்ரைனை எடுத்துக்கொள்வோம். நமது வாலிபர்கள் சம்பளத்துக்குப் போய்வரும் தீவு. 1783 முதல் ஆல் கலீபா குடும்பத்தினர் அதை ஆண்டார்கள், அவர்கள் சுன்னிகள். பேரீச்சந் தோட்டங்களில் பாடுபட்ட பஹார்னா மக்கள் ஷீஆக்கள். அந்த மக்கள்மீது தலைவரி இருந்தது. 'சுக்ரா' என்ற பெயரில் கூலியில்லா வேலை இருந்தது. ஷெய்குமாரின் அடியாட்களான 'பிதாவி'கள் கழுதையையும் ஆளையும் சேர்த்தே பிடித்துப்போவார்கள். 1923இல் சித்ரா, ஆலி ஆகிய கிராமங்கள் தாக்கப்பட்டு ஆட்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களும் கலிமாச் சொன்னவர்கள், செத்தவர்களும் கலிமாச் சொன்னவர்கள். இதில் வெள்ளைக்காரனின் கையைத் தேடுகிறவர்கள், அந்த ஏழைகள் யாரிடம் முறைப்பாடு கொண்டுபோனார்கள் என்பதையும் தேட வேண்டும். அவர்கள் மனு எழுதிக்கொண்டு போனது பிரித்தானியப் பிரதிநிதியிடம்தான். தமது மன்னரின் வாசலில் நீதி கிடைக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அது யாருடைய வெட்கம்?

உடனே மறு சாரார் எழுந்து, "பார்த்தீர்களா?" என்பார்கள். ஆம், பார்த்தேன். மேஜர் டேலி என்ற பிரதிநிதியின் காலத்தில், 1923 மே மாதம், முதிய ஷெய்க் ஈஸாவிடமிருந்து நிருவாகம் பறிக்கப்பட்டு மகன் ஹமதிடம் கொடுக்கப்பட்டது. கட்டாய வேலை ஒழிந்தது, வரி சீராக்கப்பட்டது. இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை. பாரசீகப் பத்திரிகைகள் ஷீஆக்களின் துன்பத்தை எழுதி லண்டனைச் சங்கடப்படுத்திக்கொண்டிருந்தன என்பதையும், அந்தத் தீவின்மீது பாரசீகம் உரிமை கோரிவந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

ஆனால் கதையை அங்கே நிறுத்துகிறவன் பாதிக் கணக்குத்தான் எழுதுகிறான். 1926இல் வந்த ஆலோசகர் பெல்கிரேவ் 1957வரை இருந்தார். நிருவாகமும் அவரே, பொலிஸும் அவரே, நீதிபதி ஆசனத்திலும் அவரே. 1953 முஹர்ரத்தில் மனாமாவில் சுன்னி-ஷீஆக் கலவரம் மூண்டது. அடுத்த வருடமே, அடித்துக்கொண்ட அதே மக்கள் ஒன்றுகூடி, சுன்னிகள் நால்வர் ஷீஆக்கள் நால்வர் என எண்மர் கொண்ட உயர் நிறைவேற்றுக் குழுவை அமைத்தார்கள். கேட்டது என்ன? தெரிவுசெய்யப்பட்ட சபை, எழுதப்பட்ட குற்றவியல் சிவில் சட்டம், மேன்முறையீட்டு நீதிமன்றம், தொழிற்சங்கம். நீதியை நேசிக்கிற துரைமார் இதைக் கண்டு மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? 1956 இறுதியில் அந்தத் தலைவர்களில் மூவரை, ஆளும் குடும்பத்தவரே நீதிபதிகளாக இருந்த மன்றம் பதினான்கு வருடம் தண்டித்தது. பிரித்தானியக் கப்பல் அவர்களை அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென் ஹெலினாவுக்கு ஏற்றிப்போனது. பிரிந்து கிடந்தவர்களுக்கு நடுவராக இருந்தவர், சேர்ந்து வந்தவர்களுக்குச் சிறைக்காவலராக மாறினார்.

நமக்கு இது புதிதில்லை. எகிப்தின் ஒராபி பாஷாவை 1883இல் இந்தத் தீவுக்கு நாடுகடத்தியதும் அவர்களே. 1901வரை அவர் இங்கே இருந்தார், நமக்கு ஸாஹிராவின் அடித்தளம் கிடைத்தது என்று பெருமைப்படுகிறோம். அவர் ஏன் வந்தார் என்பதை விழா மேடையில் யாரும் சொல்வதில்லை.

1915ஐயும் மறக்கிறோம். கம்பளைப் பெரஹர வழக்கில் மாவட்ட நீதிபதி 1914இல் விகாரைப் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பு நமக்குச் சாதகம், மே இறுதியில் கண்டியில் எரிந்ததும் நமது கடைகள். பிறகு இராணுவச் சட்டம் வந்து அப்பாவிச் சிங்களவர்களும் சுடப்பட்டார்கள். துரையின் நீதி நம்மை அயலவனோடு ஒருநாள்கூட உட்காரவைக்கவில்லை.

1806இல் பிரித்தானியர் இரண்டு சட்டங்களை அங்கீகரித்தார்கள். ஒன்று யாழ்ப்பாணத்துத் தேசவழமை. மற்றது பத்தாவியாவில் ஒல்லாந்தர் தொகுத்ததை அடியாகக் கொண்ட முகம்மதியச் சட்டக்கோவை. இன்று 'ஷரீஆவில் கைவைக்காதே' என்று கத்துகிறவர்கள் காப்பாற்றுவதில் எவ்வளவு குர்ஆனிலிருந்து வந்தது, எவ்வளவு கச்சேரியிலிருந்து வந்தது என்று ஒருமுறை பிரித்துப் பார்க்கட்டும். 1951ஆம் ஆண்டு விவாக விவாகரத்துச் சட்டம் காதியாராக ஆணை மட்டுமே குறித்தது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. திருத்தம் ஆராய 2009இல் அமைத்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது. காதி நீதிமன்றத்தின் வாசலில், தாபரிப்புக்காகக் குழந்தையோடு குந்தியிருக்கும் பெண்ணுக்கு அந்த ஒன்பது வருடம் என்ன என்று, குழுவைத் திட்டியவர்களும் கேட்கவில்லை, புகழ்ந்தவர்களும் கேட்கவில்லை.

என் வாப்பாவும் துரைக்கு ஏங்கியவர்தான். 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் அவர், "வெள்ளைக்காரன் இருந்திருந்தால் இப்படி நடக்குமா?" என்பார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம்மை வெளியேற்றியதற்காக எந்த நீதிமன்றமும் எவரையும் விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை. நீதி கிடைக்காதவன் கண்ணுக்கு எட்டிய அந்நியனிடமெல்லாம் போவான். ஜனாஸா எரிப்புக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது நாமும் வெளிநாடுகளைப் பார்த்துத்தான் கையேந்தினோம். 2021 பெப்ரவரியில் இம்ரான் கான் வந்துபோன கையோடு வர்த்தமானி வந்தது. அடக்க இடம் கிடைத்தது. எரித்தது தவறு என்ற தீர்ப்பை அவரால் வாங்கித்தர முடியவில்லை.

சித்ராவுக்காக இவ்வளவு எழுதுகிறவன் சொந்த ஊர்களைப் பற்றி எழுதாமல் விடலாமா? 2004இலும் 2006இலும் காத்தான்குடியில் தரீக்காவைச் சேர்ந்தவர்களின் வீடுகளும் கட்டடங்களும் தாக்கப்பட்டன. 2009 ஜூலையில் பேருவளையில் தௌஹீத் பள்ளிவாசல் தாக்கப்பட்டு இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். அந்த வீடுகளில் வெள்ளைக்காரன் தீ வைக்கவில்லை. 1990ஐப் பற்றி நம்மவர்கள் எழுதிய கவிதைகள் எத்தனை, காத்தான்குடியில் எரிந்த வீட்டைப் பற்றி எழுதியவை எத்தனை என்று நமது சஞ்சிகைகளைப் புரட்டி எண்ணிப் பாருங்கள். நான் எண்ணத் தொடங்கி, இரண்டாம் பட்டியலுக்குக் கொப்பியின் ஒரு பக்கமும் தேவைப்படாததால் நிறுத்திவிட்டேன்.

'ஒற்றுமை குலையும்' என்று ஆசிரியர் குழு தயங்கினால், அந்தத் தயக்கத்தையாவது காரணத்தோடு அச்சிடட்டும். இதற்கு மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம். முதலில் சித்ராவைப் பற்றியல்ல, பேருவளையைப் பற்றி எழுதுங்கள்.