சொல்தா மாமாவும் ரப்பர் போட்டும்

புதுச்சேரியில் கடலைப் பார்த்துக்கொண்டே கடலை கொறிப்பவர்கள் ஒரு ஜாதி. கடலுக்குள்ளே போய் மீனோடு திரும்புபவர்கள் இன்னொரு ஜாதி. முன்னவர்களுக்குப் படகு என்றால் சுண்ணாம்பாறு படகு இல்லத்தில் டிக்கெட் வாங்கி, ஆரஞ்சு கலர் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வது. பின்னவர்களுக்குப் படகு என்றால் பிழைப்பு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஜாதி ஒன்று இப்போது முளைத்திருக்கிறது. என் அக்கா வீட்டுக்காரர் அதில் சமீபத்திய உறுப்பினர்.

அவர் சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ரிடையராகி, பென்ஷனை முன்பு ஃப்ராங்கிலும் இப்போது யூரோவிலும் வாங்குபவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்தா என்று பெயர். மாமா ஐம்பது வயதிலேயே சுகமாக ரிடையராகிவிட்டார். காலையில் பகேத் ரொட்டி, சாயங்காலம் பெத்தாங்க் குண்டு விளையாட்டு. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மறுநாள் ராணுவத்துக்காரர்கள் படகோடு வந்து தெருவில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டதைப் பார்த்ததும் மாமாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சிப்பாய் எழுந்துவிட்டான்.

"மச்சான், ஒரு செமி ரிஜீத் வாங்கறேன்" என்றார்.

நான் ஏதோ ஃபிரான்ஸ் நாட்டு ஃபிரிட்ஜ் என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது: அடிப்பாகம் கெட்டியான ஃபைபர் அல்லது அலுமினியம், சுற்றிலும் காற்றடைத்த தடித்த குழாய், பின்னால் மோட்டார். கோஸ்ட் கார்டுக்காரர்கள் பறந்து போவார்களே, அந்த மாதிரி. நம் ஊர் பாஷையில் ரப்பர் போட்.

புயலுக்கு உதவும் என்று அவர் சொன்ன காரணம் முதல் நாளிலேயே அடிபட்டுப் போனது. வெள்ளம் தேங்கிய தெருவுக்கு வேண்டியது சப்பை அடியுள்ள, நாலு பேர் தூக்கிப் போகக்கூடிய லேசான காற்றுப் படகு. இந்தக் கெட்டி அடிப் படகை எங்கள் தெருவில் விட்டால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே உட்கார்ந்துவிடும். ஆனால் ஆசை வந்தவனுக்குக் காரணமா கிடைக்காது? "பையன் லீவுக்கு வருவான், கடலுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்று மாற்றிக்கொண்டார். பையனுக்குப் பன்னிரண்டு வயது. அக்கா பேசாமல் உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தாள்.

"நீ பி.காம்தானே, பட்ஜெட் போடு" என்று மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். பி.காம் படித்தவனை இந்த நாடு இதற்குத்தான் பயன்படுத்துகிறது.

கணக்கு எழுதுகிறவன் சரக்கின் பூர்வோத்தரம் தெரியாமல் எழுதக்கூடாது என்பதால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. ஃபிரான்ஸில் ஆகாயக் கப்பல் செய்துகொண்டிருந்த ஸோடியாக் கம்பெனி 1930களில் காற்றுப் படகில் இறங்கியது. 1952இல் அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் அப்படி ஒரு படகில், தனி ஆளாக, கானரித் தீவுகளிலிருந்து பார்படோஸுக்கு அட்லாண்டிக்கைத் தாண்டினார். 65 நாள். 25 கிலோ இளைத்துப் போய்க் கரை சேர்ந்தார். அதே 1952இல்தான் புதுச்சேரியில் 1866ஆம் வருஷத்துப் பிரெஞ்சுக்காரர் பாலத்தைப் புயல் பிய்த்துக்கொண்டு போனது. இரும்புக் கால் ஊன்றிய பாலம் போய்விட்டது. காற்றடைத்த பை கரை சேர்ந்துவிட்டது.

அடிப்பாகம் கெட்டியானது பிற்பாடு. வேல்ஸ் நாட்டில் அட்லாண்டிக் காலேஜ் என்று ஒரு பள்ளிக்கூடம். 1962இல் ஆரம்பித்தது. அதன் தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோர், ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல். மாணவர்கள் ஓட்டிய ரப்பர் படகுகளின் அடி, கூழாங்கல் கரையில் உரசி உரசிக் கிழிந்துகொண்டே இருந்தது. பையன்கள் அடியில் ஒரு பிளைவுட் பலகையை வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் ஆரம்பம். அதிலிருந்து வளர்ந்ததை பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கம் 1972இல் எடுத்துக்கொண்டது. ஹோர் அந்த உரிமையை ஒரே ஒரு பவுனுக்குக் கொடுத்தார். பட்ஜெட் போட வந்த எனக்கு இந்த இடத்தில் வயிறு எரிந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நிற்க. மாமா இரண்டு வாரம் கேட்லாக்கும் கையுமாகத் திரிந்தார். எத்தனை குதிரைசக்தி, எத்தனை வேகம் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்றாவது வாரம் அவரை வீராம்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் கட்டுமரம், அப்புறம் ஃபைபர் படகு, இப்போது வலை பின்னிக்கொண்டு எல்லோரையும் திட்டுவது.

கேட்லாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் அழகாயிருக்கிறது என்றார். அப்புறம் கேட்டார்.

"எங்கேருந்து சார் எறக்குவீங்க?"

மாமா கடற்கரையைக் காட்டினார்.

"எத்தினி பேர் தள்ளுவாங்க?"

நான் கணக்குப் பார்த்தேன். ஐந்தரை மீட்டர் படகு, இன்ஜின், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். மாமா, நான், பன்னிரண்டு வயதுப் பையன். அக்கா வரமாட்டாள்.

"சரி, எறக்கிட்டீங்க. திரும்பி வரச்சொல்ல அலை பின்னாடி தூக்குமே, அப்ப இன்னா பண்ணுவீங்க?"

மாமா ராணுவத்தில் எத்தனையோ கேள்விகளைச் சந்தித்திருப்பார். இதற்கு பதில் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நம் சோழமண்டலக் கரையில் இயற்கையான துறைமுகம் கிடையாது. திறந்த கரை. அலை கரைக்குப் பக்கத்தில் வந்துதான் உடையும். ஆழ்கடலில் அமைதியாக இருக்கிற நாளில்கூடக் கடைசி நூறு மீட்டரில் கவிழ்க்கும். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வருவது சலங்கில். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வருகிற அதே சலங்குதான். சென்னைப் பக்கத்தில் மசூலாப் படகு என்பார்கள். அதில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் விறைத்துக்கொண்டு நிற்காமல் வளைந்து கொடுக்கும். கட்டுமரம் இன்னும் கெட்டி யோசனை: உள்ளே தண்ணீர் ஏறினால்தானே மூழ்கும்? அதற்கு உள்ளே என்று ஒன்றே கிடையாது! ரப்பர் போட்டின் குழாயும் தானாக வடியும் தளமும் செய்வது இந்த இரண்டு வேலையைத்தான். மாமா இதைக் கேட்டுவிட்டு "அப்போ நம்மாளுதான் முதல்ல கண்டுபிடிச்சான்" என்று மார் தட்டினார். பெரியவர் கண்டுகொள்ளவில்லை.

1980களில் சென்னையில் இருந்து வேலை செய்த வங்காள விரிகுடாத் திட்டத்துக்காரர்கள் அலைக்குள் ஏறி இறங்குகிற படகு ஒன்றைச் செய்வதற்காகவே வருஷக்கணக்கில் உழைத்தார்கள். கரையில் தட்டாதபடி ப்ரொப்பெல்லரை மேலே தூக்கிக்கொள்கிற ஏற்பாடெல்லாம் செய்தார்கள். வல்லுநர்களே அத்தனை பாடுபட்ட கரையில், சனிக்கிழமை சாயங்காலம் மாமா ஒரு கைப்பிடி ஆக்ஸிலரேட்டரோடு இறங்குவதாவது!

ஆகவே மணலிலிருந்து இறக்கும் யோசனை கைவிடப்பட்டது. மிச்சம் தேங்காய்த்திட்டுத் துறைமுகம். அதற்கும் ஒரு கதை உண்டு. 1980களின் கடைசியில் அங்கே அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கு நோக்கிப் போகிற மணலை அந்தச் சுவர் தெற்கே மறித்துக்கொண்டது. ஊர்க் கடற்கரைக்கு மணல் வராமல் கருங்கல் மட்டும் மிஞ்சியது. மறித்தும் அடங்காத மணல் முகத்துவாரத்தில் வந்து மூடும். தூர் வாருவார்கள், மறுபடி மூடும். மேடான இடத்தில் அலை திடீரென்று எழும்பி நிற்கும். அனுபவப்பட்ட மீனவர்களே அங்கே கவிழ்ந்திருக்கிறார்கள்.

இந்த முகத்துவாரத்தை மனதில் வைத்துத்தான் படகைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அதன்பிறகு கேட்லாக்கைப் படித்தால் அது வேறு புத்தகமாகத் தெரிந்தது.

முதலில் அடி. சப்பை அடி தட்டைக் கடலில் சறுக்கிக்கொண்டு போகும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். அலையில் விழும்போது மட்டும் சிமென்ட் தரையில் விழுந்த மாதிரி அறையும். நமக்கு வேண்டியது கத்திபோல் ஆழமான வி அடி. படகின் பின் முனையில் அளந்தாலும் 20 டிகிரிக்குக் குறையாத சரிவு. முன்னால் மட்டும் கூராக இருந்து பின்னால் தட்டையாகிப் போகிற படகுகளும் உண்டு. போட்டோவை எப்போதும் முன்னாலிருந்துதான் எடுப்பார்கள். குனிந்து பின்னால் பாருங்கள்.

நீளம் ஐந்தரை, ஆறு மீட்டர். நாலு மீட்டர் படகு விலை மலிவு, தள்ளுவதும் சுலபம். ஆனால் நம் வாடைக்காற்று நாளில் அது படகில்லை, பந்து.

குழாய்க்கு இரண்டு துணி. பி.வி.சி. மலிவு. ஹைப்பலான் என்று சொல்கிற ரப்பர் ரகம் விலை அதிகம். அந்தப் பெயரில் தயாரித்த டூபான்ட் கம்பெனி 2010இல் நிறுத்திவிட்டது. அதே ரகத்தை மற்றவர்கள் செய்கிறார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. குளிர்நாட்டில் பி.வி.சி. போதும். நம் சித்திரை வெயிலுக்கு அது சீக்கிரம் பிசுபிசுத்து, ஒட்டு விட்டுப் போகும். இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று கஞ்சனான நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழாய் உள்ளே தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் மற்றவை தாங்கும். காலைக் குளிரில் கல் மாதிரி காற்றடித்துவிட்டு மத்தியான வெயிலில் நிறுத்தினால் காற்று விரிந்து ஒட்டைப் பிளக்கும். நிறுத்துகிற நாளில் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும்.

இருக்கை விஷயத்தில் மாமா சோபா மாதிரி ஒன்றைப் பார்த்து மயங்கினார். குதிரை மேல் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிற இருக்கைதான் சரி. அலையில் படகு விழும்போது முழங்கால் தாங்கும். சோபாவில் முதுகெலும்பு தாங்கும், கொஞ்ச நாளைக்கு.

இன்ஜின்தான் பட்ஜெட்டைக் கொன்றது. படகு பாதி விலை என்றால் இன்ஜின் பாதி விலை. 60 குதிரைசக்தி இன்ஜினை முழு வேகத்தில் விரட்டினால் மணிக்கு 20 லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் குடிக்கும். டாங்கில் இருப்பதை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க என்பது கடலோடிகள் கணக்கு. காமர்ஸில் இதற்கு ரிசர்வ் என்று பெயர், அங்கே யாரும் அதை மதிப்பதில்லை. பக்கத்தில் மெக்கானிக்கும் ஸ்பேரும் கிடைக்கிற இன்ஜினா என்பதைக் குதிரைசக்திக்கு முன்னால் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வந்தவுடன் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். மாமா தன் ஸ்கூட்டரைக் கடைசியாகக் கழுவியது எந்த வருஷம் என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

பதிவு, அனுமதி, லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ் எல்லாம் தனித் தலைப்பு. துறைமுகத் துறையில் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்று அடிக்கோடிட்டேன்.

கடைசியாக ஒரு சின்னக் கயிறு. சிவப்பாக, டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டிருக்கும். ஒரு முனை இன்ஜின் சுவிட்சில், மறு முனை ஓட்டுபவரின் தொடையில். ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு குடும்பம், ஆறு பேர், இதே ரகப் படகில் போனார்கள். வேகமாகத் திரும்பியதில் அத்தனை பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். கயிறு மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு நிற்காமல் வட்டமடித்து அவர்கள் மேலேயே திரும்பத் திரும்ப வந்தது. அப்பாவும் எட்டு வயது மகளும் இறந்துபோனார்கள். இதை மாமாவிடம் படித்துக் காட்டியபோது உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மாமா கேட்லாக்கை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அக்காதான் பேசினாள். "பெரியவர் கூட வந்தா வாங்கட்டும்."

மறுபடி வீராம்பட்டினம். பெரியவர் நிபந்தனை போட்டார். முதல் ஆறு மாசம் அவர் முன்னால் உட்காருவார். போகலாம் என்றால் போகணும், வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கணும். வரும்போது அலையின் முதுகிலேயே வரணும், அதை முந்தக்கூடாது, அலைக்குப் பக்கவாட்டைக் காட்டக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் படகுக்கு லீவு. பையன் ஆறு மாசம் கழித்துத்தான் ஏறுவான்.

மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "சம்பளம் என்ன வேணும் பெரியவரே?"

"காசு வாணாம் சார்." கொஞ்சம் யோசித்தார். "அந்த செவப்புக் கயிறு சொன்னீங்களே. எம் பேரன் மோட்டார்லயும் முன்ன இருந்திச்சி. தொலைஞ்சி ரெண்டு வருசமாவுது. ஏதோ பிளாஸ்டிக்கச் சொருகிவச்சி ஓட்டறான், தனியாத்தான் போறான். அதுல ஒண்ணு வாங்கிக் குடுங்க."

போன வாரம் இரண்டு கயிறு வாங்கிவிட்டோம். படகுக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை.